ஓஎஸ் எதுவென்று கடைக்காரர் முடிவு செய்வதற்கு முன்

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் எடுத்து விற்கும் சித்தப்பா ஒருவர் எனக்கு உண்டு. கடையில் ஒரு பழைய டெஸ்க்டாப் வைத்திருந்தார். சுவிட்சைத் தட்டிவிட்டு எதிர்க்கடையில் ஒரு கட்டன்சாயா குடித்துத் திரும்பினால் அப்போதுதான் திரையில் படம் வந்திருக்கும். விண்டோஸ் மாதிரியே கம்ப்யூட்டரை ஓட்டும் அடிப்படை மென்பொருளான ஓஎஸ்களில் இலவசமான லினக்ஸ்மேல் எனக்குப் பித்து தலைக்கேறியிருந்த காலம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், இருந்த விண்டோஸைத் துடைத்துவிட்டு லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தேன். மெஷின் சிட்டாய்ப் பறந்தது. சித்தி மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் வைத்து அனுப்பினார்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு போன் வந்தது. "மக்களே, இதுல டாலி எங்க கெடக்கு?"

டாலி கிடக்கவில்லை. விண்டோஸுக்கென்று எழுதப்பட்ட கணக்கு மென்பொருள் அது. ஒரு பென்டிரைவில் கணக்கின் பேக்கப் இருந்ததால் தப்பித்தேன். அந்த வாரம் எடை போட்ட ஷீட்டுக் கணக்கை மட்டும் துண்டுச் சீட்டுகளைப் பார்த்து மறுபடி ஏற்ற வேண்டியதாயிற்று, அதுவும் நானே உட்கார்ந்து. அதற்குப் பிறகு "எனக்கு எந்த ஓஎஸ் நல்லது?" என்று யார் கேட்டாலும், மெஷினைத் தொடுவதற்கு முன் ஒரு தாளும் பேனாவும் எடுக்கச் சொல்கிறேன். வடசேரி சந்தையில் நின்றுகொண்டு எந்தப் பழம் நல்லது என்று யாரும் கேட்பதில்லை. சிப்ஸுக்கு ஏத்தன், கைக்குழந்தைக்கு மட்டி என்று வேலையைச் சொல்லித்தான் குலையைத் தொடுகிறோம். இங்கேயும் கேள்வி அதேதான்.

முதலில் தாள்

தாளின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். பிரவுசரில் முடிந்துவிடும் வேலைகள் இடப்பக்கம். தனியாக இன்ஸ்டால் செய்தே ஆக வேண்டிய மென்பொருள்களும், கம்ப்யூட்டரில் செருகும் கருவிகளும் வலப்பக்கம். "ஆபீஸ் வேலை", "படிப்பு" என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. பெயரோடு எழுதுங்கள்.

இடப்பக்கம் வேகமாக நிறையும்: மெயில், யூடியூப், வாட்ஸாப் வெப், ரயில் டிக்கெட், பேங்க், டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், துபாயில் இருக்கும் பிள்ளையோடு வீடியோ கால். இவை எந்த ஓஎஸ்ஸிலும் நடக்கும். குரோமோ ஃபயர்பாக்ஸோ ஓடினால் போதும்.

முடிவைத் தீர்மானிப்பது வலப்பக்கம். அதில் ஒரே ஒரு வரி இருந்தாலும் அந்த ஒரு வரிதான் ஓஎஸ்ஸைத் தேர்ந்தெடுக்கும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நான் அடிக்கடி பார்க்கும் வலப்பக்க வரிகளைச் சொல்கிறேன்.

டாலி இருந்தால் விண்டோஸ். லினக்ஸில் விண்டோஸ் மென்பொருளை ஓட்ட 'ஒயின்' என்றொரு குறுக்கு வழி உண்டு. விளையாட்டுக்குச் சரி, வருடக் கணக்குக்கு வேண்டாம்.

இ-சேவை மாதிரி கைரேகை வைக்கும் வேலை இருந்தால் அதுவும் விண்டோஸ்தான். ஆதார் கைரேகைக் கருவிக்கு வேண்டிய ஆர்டி சர்வீஸ் என்ற துணை மென்பொருள் விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும்தான் முக்கியமாக வருகிறது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருக்கும் கணக்காளர்களும், வேறு ஓஎஸ்ஸுக்குப் போகுமுன் தங்கள் டோக்கனைச் செருகிச் சோதித்துப் பார்க்காமல் போகக் கூடாது.

இன்ஜினியரிங் பிள்ளைகள் கல்லூரியில் என்ன கேட்பார்கள் என்று முதலிலேயே விசாரியுங்கள். சாலிட்வொர்க்ஸ், ரெவிட் இரண்டும் விண்டோஸில் மட்டும்தான். ஆட்டோகேட் விண்டோஸிலும் ஆப்பிளின் மேக்கிலும் உண்டு, லினக்ஸில் இல்லை. மேட்லேப் மூன்றிலும் ஓடும். கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. நம் பிளஸ் டூ பாடத்தில் வரும் பைத்தான் எங்கும் ஓடும், உண்மையில் லினக்ஸில் கூடுதல் சுகமாக ஓடும்.

அடுத்தது டிடிபி, அதாவது கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைத்து அச்சுக்குக் கொடுக்கும் வேலை. இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியூர்க் கட்டுரைகள் இதைத் தொடுவதே இல்லை. கல்யாண அழைப்பிதழும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் கோயில் கொடை நோட்டீசும் அடிக்கும் கடைகளில் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதன் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. அதில் ஏற்றிவைத்திருக்கும் தமிழ், எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி தெரியும் யூனிகோடு அல்ல. பாமினி மாதிரியான பழைய ஃபான்ட். அந்த ஃபைலில் இருக்கும் 'அ' உண்மையில் ஓர் ஆங்கில எழுத்துதான். ஃபான்ட் அதன்மேல் அகரத்தின் முகத்தை ஒட்டிக் காட்டுகிறது. ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் முகம் கழன்று, தாத்தாவின் பதினாறாம் நாள் அழைப்பு ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் தெரியும். இருபது வருடப் பழைய ஃபைல்களை வைத்துப் பிழைக்கும் கடைக்காரரிடம் போய் லினக்ஸ் போடச் சொல்வது பாவம். ஃபோட்டோஷாப், கோரல்டிரா விஷயமும் இதே: விண்டோஸோ மேக்கோ வேண்டும்.

வலப்பக்கம் காலியாகவே இருந்தால்? கொடுத்து வைத்தவர் நீங்கள். விண்டோஸ், லினக்ஸ், மேக், குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸ் என்று நான்கு வழியும் திறந்திருக்கிறது.

பிறகு மெஷினின் ஜாதகம்

ஏற்கெனவே கம்ப்யூட்டர் இருந்தால் அது எதைத் தாங்கும் என்று பார்க்க வேண்டும். விண்டோஸில் செட்டிங்ஸ், அதில் சிஸ்டம், அதில் அடியில் அபௌட் என்று போனால் புராசஸர் பெயரும் ராம் என்ற நினைவக அளவும் இருக்கும். இரண்டையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்டெல் என்றால் பெயரில் சிறு கோட்டுக்குப் பின் வரும் எண்ணைப் பாருங்கள். ஐ5-7200 என்றிருந்தால் 7ஆம் தலைமுறை. ஐ5-8250 என்றால் 8. எண் 10, 11, 12 என்று தொடங்கினால் அந்தத் தலைமுறை. விண்டோஸ் 11க்குப் பொதுவாக 8ஆம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். ஏஎம்டி ரைசன் என்றால் 2000 வரிசையிலிருந்து பெரும்பாலானவை தேறும். கூடவே 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு ஆகியவையும் வேண்டும். மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' என்ற சிறு செயலியை இறக்கி ஓட்டினால் தேறுமா தேறாதா என்று அதுவே சொல்லிவிடும். 4 ஜிபி என்பது அவர்கள் சொல்லும் குறைந்தபட்சம். என் அனுபவத்தில் 8 ஜிபிக்குக் கீழே விண்டோஸ் 11 போடுவது, ஆட்டோவில் பத்துப் பேரை ஏற்றி இரணியல் ஏற்றம் ஏறுவது போல.

இந்த இடத்தில் ஒரு விஷயம். "கம்ப்யூட்டர் ஸ்லோ, ஓஎஸ் மாத்தணும்" என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஓஎஸ் குற்றவாளியே இல்லை. உள்ளே சுற்றும் தட்டு வகை ஹார்ட் டிஸ்க் இருக்கும். அதை எடுத்துவிட்டு தட்டு சுற்றாத, வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டி ஒன்றை மாட்டினால் அதே விண்டோஸ் வேறு பிறவி எடுக்கும். ஹார்ட் டிஸ்க்கா எஸ்எஸ்டியா என்று அறிய டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ் பகுதியைத் திறந்து டிஸ்க் என்பதற்குக் கீழே பாருங்கள். எந்த ஓஎஸ் போடுவதாக இருந்தாலும் முதல் செலவு எஸ்எஸ்டிக்குத்தான் என்பது என் பிடிவாதம்.

நான்கு வழிகள்

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனாளர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு. ஆதரவு முடிந்தால் கம்ப்யூட்டர் நின்றுவிடாது; ஓட்டைகளை அடைக்க ஆள் இருக்காது, அவ்வளவே. அதில் பேங்க் வேலை பார்க்காதீர்கள். மெஷின் தேறினால் விண்டோஸ் 11க்கு இலவசமாகவே மாறலாம். தேறாத மெஷினில் "நான் எப்படியாவது ஏத்தித் தாரேன்" என்று கடையில் சொன்னால், ஏற்ற முடியும் என்பது உண்மை. ஆனால் அப்படி ஏற்றிய கம்ப்யூட்டருக்கு அப்டேட் வருமென்று உத்தரவாதமில்லை என்பது மைக்ரோசாஃப்டின் நிலை.

புது லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் மூன்றைக் கவனிக்க வேண்டும். ஒன்று, சில ஆயிரம் குறைவாக 'டாஸ் லேப்டாப்' என்று காட்டுவார்கள். அதில் விண்டோஸ் கிடையாது. லினக்ஸ் போடப் போகிறீர்கள் என்றால் அது லாபம்தான். மற்றவர்களுக்குக் கடையில் லைசென்ஸ் இல்லாத கிராக் விண்டோஸ் ஒன்றை ஏற்றிக் கொடுத்துவிடுவார்கள். இரண்டு, அந்தக் கிராக்கைக் கண்டுபிடிக்கும் வழி. செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் என்று போங்கள். 'டிஜிட்டல் லைசென்ஸ்' என்றிருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. 'யுவர் ஆர்கனைசேஷன்ஸ் ஆக்டிவேஷன் சர்வீஸ்' என்றிருந்தால், அது கம்பெனிகளுக்கான முறை. உங்கள் வீட்டு லேப்டாப் எந்தக் கம்பெனியில் வேலை பார்க்கிறது என்று கடைக்காரரிடமே கேளுங்கள். எனக்கு ஒரு முறை அப்படி வந்தது. கேட்டதற்கு "எல்லாருக்கும் இதுதாண்ணே போடுறோம்" என்று பதில் கிடைத்தது. மூன்று, விலை குறைந்த சில மாடல்களில் விண்டோஸ் 'எஸ் மோட்' இருக்கும். ஸ்டோரில் உள்ள செயலிகளைத் தவிர வேறெதையும் ஏற்றவிடாது. பயப்பட வேண்டாம், அதே ஆக்டிவேஷன் பக்கத்திலிருந்து காசில்லாமல் வெளியே வந்துவிடலாம். திரும்ப உள்ளே போக முடியாது, போக வேண்டிய தேவையும் வராது.

அடுத்தது லினக்ஸ். 2011 முதல் தமிழ்நாடு அரசு கொடுத்த இலவச லேப்டாப்புகள் நம் வீடுகளில் பலவற்றில் பீரோ மேல் கிடக்கின்றன. மெஷின் செத்திருக்காது, விண்டோஸின் கனம் தாங்காமல் மயங்கிக் கிடக்கும். அந்த மாதிரிப் பழைய மெஷினுக்கும், காசு கொடுத்து லைசென்ஸ் வாங்க மனமில்லாதவருக்கும் லினக்ஸ்தான் வழி. லினக்ஸ் ஒன்றல்ல, ஒரு குடும்பம். புதிதாக வருகிறவர் குடும்ப மரத்தை ஆராயத் தேவையில்லை. விண்டோஸ் பழகிய கைக்கு லினக்ஸ் மின்ட் போதும். கீழே இடது மூலையில் மெனு, கீழ்ப்பட்டை, வலது ஓரத்தில் கடிகாரம் என்று எல்லாம் பழகிய இடத்திலேயே இருக்கும். 4 ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் இருந்தால் அதன் சின்னமன் பதிப்பு. அதற்கும் குறைந்த மெஷின் என்றால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. மின்ட்டின் 22ஆம் வரிசைக்கும், அதற்கு அடித்தளமான உபுண்டு 24.04க்கும் 2029 வரை அப்டேட் உண்டு.

லினக்ஸ் என்றாலே கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டும் என்ற பயம் பழசு. களியக்காவிளை தாண்டினால் கேரள அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கணினிப் பாடத்தை லினக்ஸில்தான் படிக்கிறார்கள். நம் பதினோராம் வகுப்புப் புத்தகத்திலும் உபுண்டுவும் ஓபன் ஆபீஸும் வந்திருக்கின்றன. உண்மையான தொல்லை வேறு. மைக்ரோசாஃப்ட் வேர்டில் செய்த ஃபைலை லினக்ஸோடு வரும் லிபர் ஆபீஸில் திறந்தால் எழுத்தெல்லாம் சரியாக வரும், கட்டம் சில சமயம் அரை வரி நகரும். நீங்கள் மட்டும் படிப்பதென்றால் பரவாயில்லை. மேலதிகாரிக்கு அனுப்பும் படிவம் என்றால் தினமும் எரிச்சல். இன்னொன்று பிரிண்டர். எச்பியின் பல மாடல்களும் எப்சனின் டேங்க் வகைகள் பலவும் லினக்ஸில் சொன்னபடி கேட்கும். சில பழைய லேசர் பிரிண்டர்கள் கடைசி வரை முரண்டு பிடிக்கும்.

மேக் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆப்பிள் மெஷினில்தான் அது வரும், விலை உங்களுக்கே தெரியும். வீடியோ எடிட்டிங், இசை என்று அதிலேயே பிழைப்பு என்றால் வாங்குங்கள். செகண்ட் ஹேண்டில் இன்டெல் சிப் வைத்த மேக் மலிவாகக் கிடைக்கிறதென்று மயங்காதீர்கள். 2025இல் வந்த டஹோதான் இன்டெல் மேக்குகளுக்கான கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் சொல்லிவிட்டது. எம்1 சிப்போ அதற்குப் பின் வந்ததோ பாருங்கள்.

நான்காவது, கூகுளின் குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸ். இலவசம், 4 ஜிபி ராம் போதும், கெடுத்துவைப்பதும் கஷ்டம். வயதானவர்களுக்கு நல்லது. ஆனால் போனில் இருக்கும் பிளே ஸ்டோர் செயலிகள் இதில் வராது. நெட் இல்லாவிட்டால் பாதி உயிர்தான். பேச்சிப்பாறைக்கு மேலே சிக்னல் தேடி மொட்டைமாடிக்கு ஏறுகிறவர்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன்.

போடுவதற்கு முன் ஓட்டிப் பாருங்கள்

நான் சித்தப்பா வீட்டில் செய்யாமல் விட்டது இதைத்தான். லினக்ஸை இன்ஸ்டால் செய்யாமலே, பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். உள்ளிருக்கும் விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது.

8 ஜிபி பென்டிரைவ் ஒன்று எடுங்கள். அதில் உள்ளவை அழிந்துவிடும், கல்யாணப் போட்டோ இருந்தால் முதலில் வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள். மின்ட்டின் சொந்தத் தளத்திலிருந்து முழு ஓஎஸ்ஸும் அடங்கிய ஐஎஸ்ஓ ஃபைலை இறக்குங்கள். 3 ஜிபியை ஒட்டி வரும், போன் டேட்டாவில் இறக்குகிறவர்கள் மீதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ரூஃபஸ் என்ற சிறு மென்பொருளைத் திறந்து, பென்டிரைவைக் காட்டி, ஐஎஸ்ஓவைக் காட்டி, ஸ்டார்ட் அழுத்துங்கள். ஐஎஸ்ஓவைச் சும்மா காப்பி பேஸ்ட் செய்தால் பூட் ஆகாது. எல்லோரும் முதல் முறை செய்யும் தப்பு அது, நானும் செய்திருக்கிறேன்.

பென்டிரைவைச் செருகிய நிலையிலேயே ரீஸ்டார்ட் கொடுத்து, கம்பெனிப் பெயர் தெரிந்ததுமே பூட் மெனு பொத்தானை விடாமல் தட்டுங்கள். டெல், லெனோவா, ஏசர் பெரும்பாலும் எஃப்12. எச்பியில் எஸ்கேப் அழுத்தி எஃப்9. அசுஸில் எஸ்கேப். வரும் பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் சில நிமிடத்தில் மின்ட் திறக்கும். மேசையில் 'இன்ஸ்டால்' என்றொரு ஐகான் இருக்கும், அதன் பக்கம் போகாதீர்கள்.

இப்போது தாளை எடுத்து ஒவ்வொன்றாக டிக் போடுங்கள். வைஃபை பிடிக்கிறதா? யூடியூபில் பாட்டுப் போட்டால் சத்தம் வருகிறதா? கேமரா? மூடியை மூடித் திறந்தால் தூக்கத்திலிருந்து எழுகிறதா? பிரிண்டரை மாட்டி ஒரு பக்கம் எடுங்கள். கடைசியாகத் தமிழ். இன்புட் மெத்தட் என்ற இடத்தில் தமிழைச் சேர்த்து, தமிழ்99 விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்து 'அம்மா' என்று அடித்துப் பாருங்கள். அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு. நடுவில் புள்ளியைத் தானே வைத்துக்கொள்ளும். ஆங்கில ஒலிப்புமுறையில் பழகியவர்களுக்கு அதுவும் பக்கத்திலேயே இருக்கிறது. விண்டோஸ், மேக் இரண்டிலும் தமிழ்99 உள்ளேயே வருவதால் தமிழ் தட்டச்சைக் காரணம் காட்டி எந்த ஓஎஸ்ஸையும் தள்ள வேண்டியதில்லை.

பென்டிரைவிலிருந்து ஓடும்போது சற்று மந்தமாகத்தான் இருக்கும். செய்த மாற்றங்களும் அணைத்தால் போய்விடும். ஒரு மணி நேரத்தோடு நிறுத்தாமல் மூன்று நாள் இப்படி ஓட்டுங்கள்.

பிடித்திருந்தால்

உங்கள் ஃபைல்களை வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி எடுங்கள். எடுத்த பிரதியை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்தும் பாருங்கள். விண்டோஸ் 11 லேப்டாப் என்றால் டிஸ்க் பூட்டப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். பிட்லாக்கர் மீட்புச் சாவி என்ற 48 இலக்க எண்ணை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பார்த்து, காகிதத்தில் எழுதி, ரேஷன் கார்டோடு வையுங்கள். பயாஸில் (ஓஎஸ் தொடங்குமுன் வரும் மெஷினின் அடிப்படை செட்டிங்கில்) கைவைத்த பிறகு மெஷின் அந்த எண்ணைக் கேட்கும்போதுதான் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிகிறது.

இன்ஸ்டால் செய்யும் நாளையும் பார்த்து வையுங்கள். நமக்கு இரண்டு பருவமழை. ஐப்பசியில் மூன்று மணிக்கு மேல் இடி தொடங்கினால் கரண்ட் நம் கையில் இல்லை. பாதி எழுதிய டிஸ்க்கோடு மெஷின் அணைந்தால் மறுபடி முதலிலிருந்துதான். காலையில் தொடங்குங்கள். லேப்டாப் என்றால் முழு சார்ஜ், டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ்.

ஒரே டிஸ்க்கில் விண்டோஸும் லினக்ஸும் இரண்டும் வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. செய்யலாம். முதல் முறைக்காரர்களுக்கு நான் சொல்வது, பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுப் புது எஸ்எஸ்டியில் லினக்ஸ் போடுங்கள் என்பதுதான். பிடிக்காவிட்டால் பழையதைத் திரும்ப மாட்டினால் போச்சு.

சித்தப்பா கடையில் இப்போது விண்டோஸ் 11 போட்ட புது மெஷின், அதில் டாலி. பழைய டெஸ்க்டாப்புக்கு எஸ்எஸ்டி மாட்டி, மின்ட் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்திருக்கிறோம். சித்தி அதில் தினமும் சாயங்காலம் துபாயில் இருக்கும் மகனோடு பேசுகிறார். சித்தப்பா மட்டும் அதைக் கடக்கும்போதெல்லாம் என்னை ஒரு பார்வை பார்ப்பார்.